உழவு லைட் வயலுக்கு மட்டும்

“டிராக்டர் பின்னால இருக்கிற வெள்ளை லைட்டைப் போட்டுக்கிட்டு ரோட்டில் போனா, பின்னால வர்றவருக்கும் வெளிச்சம்தானே சார்?” உத்திரமேரூர் பக்கத்தில் நடந்த பயிற்சிக் கூட்டத்தில் ஒரு விவசாயி கேட்டார். பதிலுக்கு என் முழங்காலில் உள்ள தழும்பைக் காட்டினேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதம். நவரைக்கு உழவு நடந்துகொண்டிருந்த நேரம். வயலாய்வு முடித்து, இருட்டிய பிறகு பைக்கில் திரும்பினேன். நல்ல பனி. நான் போகும் பக்கத்திலேயே, நேர் எதிரே ஒரு வெள்ளை வெளிச்சம். யாரோ தப்பான பக்கத்தில் வருகிறார் என்று நினைத்தேன். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, அது எனக்கு முன்னால் மெதுவாகப் போகும் டிராக்டர். கண் கூசியதில், லைட்டுக்குக் கீழே இருந்த ரோட்டவேட்டர் தெரியவே இல்லை. பிரேக் பிடித்ததில் சறுக்கிச் சாலையோரம் விழுந்தேன். கத்திக்கும் எனக்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

“ஐயோ, சார்... நீங்களா!” என்று ஓடிவந்தார் டிராக்டர்காரர். மானியத்தில் வாங்கிய அந்த ரோட்டவேட்டரை நேரில் பார்த்து, எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவனே நான்தான். பின்னால் சிவப்பு லைட் எரிகிறதா என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. காயத்தைவிட அதுதான் எனக்கு உறுத்தியது.

1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108-வது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: வண்டியின் முன்பக்கம் சிவப்பு விளக்கு கூடாது, பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு விளக்கு கூடாது. திரும்பும்போது போடும் மஞ்சள் இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. டிராக்டரின் உழவு லைட்டும் அதில் வருகிறது. ஆனால், வயலில் வேலை செய்யும்போது கருவி இருக்கும் இடத்தைக் காட்டுவதற்கு மட்டும்தான். வெள்ளை தெரிந்தால் வண்டி எதிரே வருகிறது, சிவப்பு தெரிந்தால் முன்னே போகிறது. இருட்டில் நாம் நம்பி ஓட்டுவது இந்த ஒரு கணக்கைத்தான்.

ஆகவே, வரப்பைத் தாண்டி ரோட்டில் ஏறும் முன் உழவு லைட்டை அணையுங்கள். டிரெய்லருக்கு வரும் ஒயர் அறுந்திருந்தால் சரிசெய்யுங்கள். பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை என ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், சேற்றைத் துடையுங்கள். வைக்கோலோ கரும்போ ஏற்றினால், அது லைட்டை மறைக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். பழுதாகி நின்றால், நான்கு பக்க இண்டிகேட்டரையும் எரியவிடுங்கள். அண்டை கொடுத்த கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இப்போது எந்தக் கருவியை ஆய்வு செய்யப் போனாலும், “பின் லைட்டைப் போடுங்க, பார்க்கலாம்” என்றுதான் ஆரம்பிக்கிறேன்.