ஒரே வீடு, ஒரே பால் பாக்கெட்... அப்பாவுக்கு நல்லது பாப்பாவுக்கும் நல்லதா?

கிண்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது அந்த வீடு. இரண்டாவது மாடி, இரண்டே அறைகள், நான்கு பேர். கணவருக்கு திரு.வி.க. தொழிற்பேட்டையில் வேலை. மனைவி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். பேத்தியைப் பார்த்துக்கொள்வதற்காகத் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருக்கிறார் கணவரின் அம்மா. பேத்திக்கு அப்போது ஒன்றேகால் வயது.

எல்லாம் கணவரின் ரத்தப் பரிசோதனையில்தான் ஆரம்பித்தது. 34 வயதிலேயே கெட்ட கொழுப்பு எல்லையைத் தாண்டியிருந்தது. "மாத்திரை வேண்டாம், முதல்ல சாப்பாட்டை மாத்துங்க" என்றார் டாக்டர். மனைவி அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பச்சை பாக்கெட் பால் நின்று, கொழுப்பு குறைந்த பால் வந்தது. நெய் பாட்டில் பரணுக்குப் போனது. முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். தோசைக்கு எண்ணெய் கிடையாது. மூன்று மாதத்தில் கணவரின் எடை 4 கிலோ குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

மாமியாருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "அவனுக்கு சரிம்மா. குழந்தைக்கு எதுக்கு இந்தத் தண்ணிப் பாலு?"

"இல்ல அத்தை. இப்பவே கொழுப்பு இல்லாம பழகிட்டா, பெரியவளானதும் அவங்கப்பா மாதிரி கஷ்டப்பட மாட்டா. அதுவும் இல்லாம, ஆளுக்கு ஒண்ணா யாரு சமைக்கிறது?"

ஒருநாள் பாப்பாவின் பருப்பு சாதத்தில் நெய் வாசனை வந்தது. பரணிலிருந்து பாட்டிலை எடுத்திருந்தார் மாமியார். "ஊர்ப் பழக்கமெல்லாம் இங்க வேண்டாம் அத்தை" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார் மருமகள். அதற்குப் பிறகு மாமியார் சமையலறை விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை.

படுத்துவிட்ட கோடு

விஷயத்தைக் கண்டுபிடித்தது அங்கன்வாடி டீச்சர். எடை பார்க்கும் நாளில் வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தவர், முந்தைய புள்ளிகளை ஒருமுறை பார்த்தார். 15-வது மாதத்தில் 9.2 கிலோ. 19-வது மாதத்தில் 9.4 கிலோ.

"கோடு மேல ஏறணும்மா. உங்க பாப்பாவோடது படுத்துக் கிடக்கு. டாக்டரைப் பாருங்க."

இந்த வயதில் ஒரு குழந்தை மாதத்துக்குச் சுமார் 200 கிராம் ஏற வேண்டும். பாப்பாவுக்கு நான்கு மாதத்துக்கும் சேர்த்தே 200 கிராம்தான். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, ஓடியாடி விளையாடத்தான் செய்கிறாள். கிண்டி சிறுவர் பூங்காவுக்குக் கூட்டிப்போனால்தான் கொஞ்ச நேரத்தில் "தூக்கு" என்று கையை நீட்டுவாள். 'செல்லம் கொஞ்சுகிறாள்' என்றே நினைத்திருந்தார்கள்.

குழந்தைகள் நல டாக்டர் ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தார். தொற்று எதுவும் இல்லை. "காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் பாப்பா என்ன சாப்பிடுறா? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். தண்ணீரில் வெந்த ஓட்ஸ், எண்ணெய் படாத இட்லி, ரசம் சாதம், ஆவியில் வெந்த கேரட், முட்டையின் வெள்ளைக்கரு, 'லோ ஃபேட்' என்று எழுதிய ஸ்ட்ராபெர்ரி தயிர் ஒரு கப், சரிபாதி தண்ணீர் கலந்த பால்.

கேட்டு முடித்த டாக்டர் சொன்னார்: "இது உங்க வீட்டுக்காரரோட டயட். பாப்பாவோட டயட் எங்கம்மா?"

குட்டி வயிறு, பெரிய தேவை

டாக்டர் விளக்கிய கணக்கு எளிமையானது. ஒரு கிராம் மாவுச்சத்திலோ புரதத்திலோ 4 கலோரி கிடைக்கும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கலோரி தேவை. ஆனால், வயிறோ சின்னஞ்சிறியது. கொஞ்சமாகச் சாப்பிட்டு நிறைய சக்தி பெற கொழுப்புதான் வழி. தாய்ப்பாலின் கலோரியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. முதல் இரண்டு வருடங்களில் மூளை வேகமாக வளர்கிறது. அதற்கும் கொழுப்பு வேண்டும். ஏ, டி, இ, கே ஆகிய வைட்டமின்களை உடல் உறிஞ்சிக்கொள்ளவும் கொழுப்பு வேண்டும்.

பால் பாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். ஆவின் பாக்கெட்டுகளில் பச்சையில் கொழுப்பு 4.5 சதவிகிதம், நீலத்தில் 3, ஆரஞ்சில் 6. இருமுறை சமன்படுத்திய 'டயட்' பாலில் 1.5 சதவிகிதம்தான். ஒரு நாளைக்கு 400 மி.லி. என்றால், பச்சை பாக்கெட்டில் சுமார் 18 கிராம் கொழுப்பு. டயட் பாலில் 6 கிராம். வித்தியாசம் 12 கிராம், அதாவது நூறு கலோரிக்கு மேல். பாப்பாவின் ஒருநாள் தேவையில் பத்தில் ஒரு பங்கு, பால் பாக்கெட்டை மாற்றியதிலேயே போய்விட்டது. தண்ணீர் கலந்ததிலும், நெய், எண்ணெய், மஞ்சள்கருவை நிறுத்தியதிலும் போனது தனி.

2023 நவம்பரில் பச்சை பாக்கெட்டுக்குப் பதிலாக 3.5 சதவிகிதக் கொழுப்புள்ள ஊதா பாக்கெட்டை ஆவின் கொண்டுவரப் பார்த்தபோது சென்னையில் பெரிய விவாதமே நடந்தது. காபி திக்காக இருக்குமா, விலை நியாயமா என்றெல்லாம் பேசினோம். குழந்தைக்கு எந்த பால் என்ற கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

அதற்காக ஆரஞ்சு பாக்கெட்டைத் தேடி ஓட வேண்டியதில்லை. வெளிநாட்டு டாக்டர்கள் 'ஹோல் மில்க்' என்று சொல்வதில் கொழுப்பு சுமார் மூன்றரை சதவிகிதம்தான். எருமைப்பால் அதிகம் புழங்கும் நம் நாட்டில், அதன் கொழுப்பைக் குறைத்து, விலையையும் குறைத்து, நிறைய பேருக்குக் கொடுக்க வந்ததுதான் சமன்படுத்திய பால். 1940-களில் மும்பையில் தாரா குரோடி இதைக் கொண்டுவந்தார். ஆக, தண்ணீர் கலக்காத நீல பாக்கெட்டே கிட்டத்தட்ட ஹோல் மில்க்தான். பச்சை அதற்கும் மேல்.

மற்ற நாடுகளில் என்ன சொல்கிறார்கள்?

ஒரு வயது முடிந்து இரண்டு வயது வரை கொழுப்பு நீக்காத பால்தான் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையும் அதையே சொல்கிறது. இரண்டு வயதுக்குப் பிறகு, குழந்தை நன்றாகச் சாப்பிட்டு நன்றாக வளர்ந்தால் பாதி கொழுப்பு நீக்கிய பாலுக்கு மாறலாம். முழுக்கக் கொழுப்பு நீக்கிய பால் ஐந்து வயது வரை வேண்டாம்.

இந்தத் தாய் செய்த தவறு உலகத்தில் புதிதும் இல்லை. 1987-ல் நியூயார்க் டாக்டர்கள், 7 முதல் 22 மாதங்கள் வரையிலான ஏழு குழந்தைகளைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். ஏழு பேருக்கும் வளர்ச்சி தடைப்பட்டிருந்தது. காரணம் வறுமை இல்லை. குண்டாகிவிடுவார்களோ, பிற்காலத்தில் இதய நோய் வருமோ என்ற பெற்றோரின் பயம்தான்.

அப்படியானால் குழந்தையின் இதயத்தைப் பற்றி யோசிக்கவே கூடாதா? யோசிக்கலாம், டாக்டரோடு. பின்லாந்தில் 1990-ஐ ஒட்டித் தொடங்கிய ஓர் ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். பாதிப் பேரின் குடும்பங்களுக்கு, குழந்தையின் உணவில் நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்க ஆலோசனை தந்தார்கள். வளர்ச்சி பாதிக்கப்படவில்லை. ஆனால், கொழுப்பு நீக்கிய பால் கொடுத்தபோது, இரண்டு வயது வரை உணவில் தாவர எண்ணெயைச் சேர்க்கச் சொன்னார்கள். நிபுணர்கள் தொடர்ந்து கண்காணித்தார்கள். வெறுமனே எடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை.

கிண்டி டாக்டரும் இதைக் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருக்கிறதா? குழந்தை அதிக எடையோடு இருக்கிறதா? இருந்தால் ஆலோசனை மாறலாம். இந்தப் பாப்பாவுக்கு இரண்டுமே இல்லை.

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவிகிதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 14.6 சதவிகிதம் பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். அதிக எடை உள்ளவர்கள் 4.3 சதவிகிதம் பேர். இது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்வது. நாம் பயப்படுவது எதற்கு, நடப்பது எது என்று யோசிக்க வைக்கும் கணக்கு இது.

டாக்டர் எழுதிக் கொடுத்தது

தண்ணீர் கலக்காத பால், ஒரு நாளைக்கு 400 மி.லி. போதும். அதற்கு மேல் போனால் பாலே வயிற்றை நிரப்பிவிடும், இரும்புச்சத்து குறையும். முழு முட்டை. பருப்பு சாதத்தில் ஒரு டீஸ்பூன் நெய். இட்லிக்கு நல்லெண்ணெய். வேர்க்கடலையையும் எள்ளையும் நன்றாகப் பொடித்துத்தான் கொடுக்க வேண்டும், முழுக்கடலை தொண்டையில் அடைக்கும். சிப்ஸ், பேக்கரி பிஸ்கட் வேண்டாம். அந்த ஸ்ட்ராபெர்ரி தயிர் கப் கூடவே கூடாது. கொழுப்பை எடுத்த இடத்தில் சர்க்கரை உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்காமல் இருப்பதே நல்லது. வீட்டில் தோய்த்த தயிர் போதும்.

அன்று ஆட்டோவில் திரும்பும்போது அந்தத் தாய் அழுதுகொண்டே வந்தார். "நானே என் குழந்தையைப் பட்டினி போட்டுட்டேனாங்க?" கணவர் பாப்பாவை மடியில் மாற்றி வைத்துக்கொண்டு சொன்னார்: "நீ எனக்காகத்தானே மாத்தின. எனக்கும் தோணலையே."

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து நெய் பாட்டிலை எடுத்தார் மருமகள். மாமியாரின் கைக்கு எட்டும் தட்டில் வைத்தார். "எவ்வளவு ஊத்தணும்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரு அத்தை. நீங்களே பாப்பாவுக்கு ஊட்டிடுங்க." மாமியார் பழையதை எடுக்கவில்லை. "ஒரு ஸ்பூனா? சரிம்மா" என்றதோடு முடித்துக்கொண்டார்.

22-வது மாதத்தில் பாப்பாவின் எடை 10.1 கிலோ. வயதுக்கான சராசரியைவிட இன்னும் குறைவுதான். ஆனால், கோடு ஏற ஆரம்பித்துவிட்டது.

இப்போது காலையில் பால் பூத்தில் அந்த வீட்டுக்கு இரண்டு பாக்கெட். அப்பாவுக்கு டயட், பாப்பாவுக்குப் பச்சை. காய்ச்சுவதற்கும் தனித்தனிப் பாத்திரம். கழுவுவதற்கு ஒரு பாத்திரம் கூடுதல், அவ்வளவுதான்.