ஒரு ஜீப்பின் பாடபேதங்கள்

பழைய வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் 'மூலநிலை' என்ற ஒன்றை நம்புகிறார்கள். வண்டி தொழிற்சாலைக் கதவைத் தாண்டிய அன்று எப்படி இருந்ததோ அதுதான் உண்மை. பிறகு அதன்மேல் ஏறிய துரு, மாற்றுப் பெயின்ட், ஒட்டுத் தகடு யாவும் பிழை. பிழைகளைக் களைந்துவிட்டால் உண்மை துலங்கிவிடும். இந்த நம்பிக்கையோடு இலக்கியத்திலும் நமக்கு நெடுநாள் பழக்கம். இரண்டு வருஷமாக வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு ஜீப்பைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்ததில், இதன்மேல் எனக்கிருந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துவிட்டது.

வண்டி 1968-ல் பதிவான மஹிந்திரா சி.ஜே.3பி. பெட்ரோல் எஞ்சின். நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பல வருஷம் உழைத்துவிட்டு, கைமாறிக் கைமாறி, கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுபோனது. அங்கிருந்துதான் கயிறு கட்டி இழுத்து வந்தேன்.

இதன் மூலநிலை எது என்று தேடப் போனால் முதல் அடியிலேயே தடுமாற வேண்டியிருக்கிறது. 1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சிறிய, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி கேட்டது; மாதிரி வண்டிக்குக் கொடுத்த அவகாசம் 49 நாள். பென்சில்வேனியாவில் நொடித்துக்கொண்டிருந்த பாண்டம் என்ற சிறிய கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்கிற பொறியாளரை வைத்து வரைந்து, அடித்து, முடுக்கி, செப்டம்பர் 23-ம் தேதி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திற்று. ராணுவமோ அந்த வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. முடிவில் நிலைபெற்ற வண்டியில் எஞ்சின் வில்லிஸுடையது, முகத்திலிருக்கும் அழுத்தித் துளைத்த கிரில் ஃபோர்டு கொண்டுவந்தது, எண்ணம் பாண்டமுடையது. பெரிய ஆர்டர்கள் மற்ற இருவருக்கும் போயின. பாண்டம் இழுவை வண்டிகள் செய்து பிழைத்தது. ஜீப்பை உருவாக்கியவர்கள் நாங்களே என்று விளம்பரம் செய்த வில்லிஸின் உரிமைக்கோரிக்கையை அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 1948-ல் நிராகரித்தது. ஆக, மூலப்பிரதியிலேயே மூன்று கைகளின் எழுத்து.

3பி இன்னும் சுவாரஸ்யமான விஷயம். போர்க்கால எஞ்சினில் இரு வகை வால்வுகளும் பிளாக்கில், சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருந்தன. வில்லிஸ் கம்பெனி அந்த 2.2 லிட்டர் பிளாக்கை அப்படியே வைத்துக்கொண்டு, காற்றும் பெட்ரோலும் நுழைகிற வால்வை மட்டும் தலைக்கு ஏற்றியது. 60 குதிரைசக்தி 70-ஐத் தாண்டிற்று. ஆனால் எஞ்சின் உயர்ந்துவிட்டது; பழைய பானெட் மூடவில்லை. உடம்பை மாற்றாமல் பானெட்டையும் கிரில்லையும் மட்டும் தூக்கிவிட்டார்கள். 1953-ல் விற்பனைக்கு வந்த இந்த வண்டியின் நெற்றி ஏன் அப்படித் துருத்திக்கொண்டிருக்கிறது என்பதற்கு வேறு காரணம் கிடையாது. அழகைப் பற்றிய சிந்தனையே இல்லாத ஒரு திருத்தம். அமெரிக்காவில் 1968-ல் இது நின்றுபோன பின்பும் இங்கே வெகுகாலம் அதே நெற்றியோடு வண்டிகள் வந்துகொண்டிருந்தன. 'ஜீப்' என்றால் நம் மனசில் எழும் உருவம் இந்தத் திருத்தம்தான்.

துருவுக்கு வருகிறேன். அலுமினியமும் காற்றில் கெடுகிறது. ஆனால் அதன் கேடே அதற்குப் போர்வையாகி உள்ளே இருப்பதைக் காக்கிறது. இரும்புக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, பொருக்காக எழும்பி, விரிசல் விட்டு, அடுத்த அடுக்குக்குத் தண்ணீரை அழைத்துச் செல்கிறது. டெல்லியில் சுமார் 1,600 வருஷமாக நிற்கும் இரும்புத் தூண் விதிவிலக்கு. அதில் பாஸ்பரஸ் அதிகம். அந்த பாஸ்பரஸ் மேற்பரப்பில் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகத் துணைசெய்திருக்கிறது. ஹார்டுவேர் கடையில் துருவுக்கென்று விற்கும் திரவத்திலும் இருப்பது பாஸ்பாரிக் அமிலமே. தூண் தானாகச் சம்பாதித்ததை நாம் பிரஷ்ஷால் தடவிக்கொள்கிறோம்.

சின்னச் சாமான்களுக்கு வேறு வழி. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவை சோடா. பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த சாமானிலும், நேர்முனையை ஒரு வேண்டாத இரும்புத் தகட்டிலும் மாட்டி ஒரு ராத்திரி விட்டுவிட்டால், காலையில் துரு கறுத்து இளகி, கம்பி பிரஷ்ஷுக்கு வந்துவிடும். (எவர்சில்வரை அந்த நேர்முனையில் மாட்டக் கூடாது, குரோமியம் விஷமாகக் கரையும். கிளம்பும் வாயு ஹைட்ரஜன். ஷெட் கதவு திறந்திருக்க வேண்டும்.) இந்த முறையில் நல்ல இரும்பு தேய்வதில்லை. உப்புத்தாளுக்கு நல்லதும் கெட்டதும் தெரியாது.

ஆனால் உடம்புத் தகட்டைத் தொட்டியில் போட முடியாது. அங்கே துருவைப் படித்துத்தான் ஆக வேண்டும். தண்ணீர் எங்கே நின்றது, எந்த வழியாக இறங்கியது, எந்த மடிப்பில் சேறு தங்கியது என்பதையெல்லாம் துரு எழுதி வைத்திருக்கிறது. தரைத் தகட்டுக்கு அடியில் பலத்துக்காக ஒட்டியிருக்கும் தொப்பி வடிவத் தாங்கிகளில் ஈரமும் மண்ணும் சேர்ந்து கூழாகிப்போயிருந்தன. பலம் தருவதற்கென்று வைத்த இடமே முதலில் செத்திருந்தது.

பெடல்களுக்குக் கீழே, டிரைவர் கால் வைக்கும் இடத்தில், ஒரு ஒட்டு. ஆயில் பீப்பாயிலிருந்து வெட்டிய தகடு. அடியில் படுத்துப் பார்த்தால் பீப்பாயின் எழுத்துகள் தலைகீழாக இன்னும் தெரிகின்றன. வெல்டிங் கிடையாது, சுற்றிலும் ரிவிட். நூல் பிடித்ததுபோல் சம இடைவெளி. தோட்டத்து மெக்கானிக் யாரோ செய்திருக்க வேண்டும். சுற்றியிருந்த தொழிற்சாலைத் தகடு சல்லடையாகியிருக்க, இந்த ஒட்டு மட்டும் கெட்டியாக இருந்தது. காரணம் புரியச் சற்று நேரம் பிடித்தது: ஒட்டின் மிகத் தாழ்ந்த மூலையில் சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு ஒரு துளை. தண்ணீர் நிற்கும் இடத்தை அந்த மனிதர் கண்டுபிடித்து, அதற்குப் போக வழிவிட்டிருக்கிறார். மலை மழையில் நனைந்த செருப்புக் காலோடு வண்டி ஓட்டுகிறவனை அமெரிக்க வரைபடக்காரன் யோசித்திருக்க மாட்டான். இவர் யோசித்திருக்கிறார்.

டிங்கர் வேலைக்கு வந்த மேஸ்திரி அதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதையும் வெட்டிப்போட்டு முழுத் தரையும் புதுசாப் போட்டுர்லாங்க சார். அப்பத்தான் ஒரிஜினலா இருக்கும்" என்றார்.

"இது நல்லாத்தானே இருக்கு மேஸ்திரி?"

"நல்லாத்தான் இருக்குதுங்க. கை தெரிஞ்ச ஆள் செஞ்சிருக்கான். ஆனா ஒட்டு ஒட்டுதானுங்களே."

ஒரு வாரம் வேலையை நிறுத்தி வைத்தேன். எனக்கு உ.வே.சா. நினைவு வந்தது. ஏடுகளைச் சேர்த்து ஒப்பிட்டு ஒரு பாடத்தைத் தேர்ந்தாலும், விட்ட பாடத்தை அவர் அழித்துவிடவில்லை. பிரதிபேதம் என்று கீழே குறித்து வைத்தார். அவர் தேர்ந்தது தவறென்று நினைக்கிறவன் மற்றதை எடுத்துக்கொள்ளலாம். வாசகனுக்கு அளிக்கக்கூடிய பெரிய மரியாதை அது. ஆனால் தகட்டுக்கு அடிக்குறிப்பு கிடையாது. ஒட்டை வெட்டினால் அது பழைய இரும்புக் கடைக்குப் போகும். அதோடு அதைச் செய்தவனின் அறிவும் போகும். அந்த அறிவு வேறு எங்கும் எழுதப்படவில்லை.

இதில் இன்னொரு சிக்கல், சட்டத்தின் உருவில் வந்தது. வண்டியின் பதிவு காலாவதியாகிப் பல வருஷம் ஆகிறது. 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்டதாக, மூல வடிவத்திலேயே பேணப்பட்டு, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாததாக இருந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அந்த எண்ணோடு வண்டியைத் தினசரி வேலைக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு — இவற்றுக்கு மட்டுமே சாலை. காய்கறி வாங்கப் போகக் கூடாது. மற்ற வழி, எல்லா வண்டியையும்போல் பரிசோதனைக்கு நிறுத்தி, தேறினால் ஐந்து வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொள்வது. அடுத்த ஐந்தாம் வருஷம் மறுபடியும் நிறுத்துவது. தேறாமல் போகவும் கூடும்.

அதிகாரிகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. நம் எல்லோர் மனசிலும் இருப்பதைத்தான் விதி எழுத்தில் வைத்திருக்கிறது: ஒரு பொருளைப் போற்ற வேண்டுமானால் முதலில் அது வேலை செய்வதை நிறுத்திவிட வேண்டும். மாறாமல் இருந்தால் கௌரவம். உழைத்து, அடிபட்டு, ஒட்டுப் போட்டுக்கொண்டால் அது வெறும் பழைய வண்டி. நம் பழைய இலக்கியத்துக்கும் இந்தத் தனி எண்ணை எப்போதோ கொடுத்துவிட்டோம். விழாவுக்கு வெளியே வருகிறது. மாலை போட்டுத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோம்.

ஒட்டை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன். சுற்றியிருந்த செத்த தகட்டை மட்டும் வெட்டி, புதுத் தகட்டை அதன் விளிம்போடு பொருத்தச் சொன்னேன். ஷீட் வளைந்துவிடாமல் சூட்டைப் பரவவிட்டு விட்டுவிட்டு வெல்டிங் வைக்க வேண்டியிருந்தது. மேஸ்திரிக்கு இரண்டு நாள் கூடுதல் வேலை. முணுமுணுத்துக்கொண்டே செய்தார். ஆனால் மறுபக்கத்தில், உதவி ஆள் கால் வைக்கும் இடத்தில், நான் சொல்லாமலே தாழ்ந்த மூலையில் ஒரு துளை போட்டார். "அந்த ஆள் செஞ்சது சரிதானுங்க" என்றார். ஒரு பாடம் ஏற்கப்பட்டதன் அடையாளம் அது; எந்தக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாக இன்னொரு கட்டுரையை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

பெயின்ட் விஷயத்தில் இந்த உறுதி செல்லவில்லை. தேய்க்கத் தேய்க்க நான்கு நிறங்கள் வந்தன; ஆனால் பெயின்ட் இல்லாத இரும்பை நம் மழை விட்டுவைக்காது. வரலாற்றின்மேல் பெயின்ட் அடித்தால்தான் வரலாறு மிஞ்சும். ரெட் ஆக்ஸைடு அடித்து மேலே பச்சை அடித்தாயிற்று. டாஷ்போர்டுக்குக் கீழே உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் படிப்படியாகத் தேய்த்து, நான்கு நிறமும் வளையம் வளையமாகத் தெரியும்படி விட்டு, மேலே வார்னிஷ் பூசியிருக்கிறேன். குனிந்தால்தான் தெரியும்.

தனி எண்ணுக்கு விண்ணப்பிக்கவில்லை. வண்டி மற்ற வண்டிகளோடு வரிசையில் நின்று பரிசோதனைக்குப் போகும். பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, புகை எவ்வளவு என்று கேட்பார்கள். அவை நியாயமான கேள்விகள்.