மூணு சாக்கு

"திருக்கடையூரா? அறுபதாம் கல்யாணம் பண்ணுவாங்களே, அந்த ஊரா?" ஹாஸ்டல்ல சேர்ந்த முதல் நாள்ல இருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஆமா, அந்த ஊர்தான். மார்க்கண்டேயனைப் பிடிக்க எமன் பாசக்கயிறு வீசின ஊர். அறுபதும் எண்பதும் ஆன ஜோடிகள் மாலையும் கழுத்துமா சன்னதியில நடக்கிறதைப் பார்த்தே வளர்ந்தவன் நான்.

கயிறுன்னா எங்க ஊர்க்காரங்களுக்கு எமன் கயிறுதான் ஞாபகம் வரும். எனக்கு 2024 நவம்பர்ல இருந்து இன்னொரு கயிறும் ஞாபகம் வருது. மெக்கானிக்கல் மக்களே, கொஞ்சம் கவனமா படிங்க. இதுல தப்பு பண்ணது நம்ம டிபார்ட்மெண்ட் ஆள்.

ஊர்ல இருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனா கடல். அம்மா பிறந்தது கடலோரக் கிராமம். அம்மாவோட தம்பி, எங்க மாமா, ஒரு விசைப்படகுல பங்குக்காரர். என்னோட காலேஜ் ஃபீஸ்ல பாதி அவர் கட்டறது.

அந்த நவம்பர் 26ஆம் தேதி வங்கக் கடல்ல ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மழைக்கு லீவு விட்டதால நான் ஊர்ல இருந்தேன். கடலுக்குப் போகக் கூடாதுன்னு அறிவிப்பு வந்து, படகு எல்லாம் துறைமுகத்துல வரிசையா நிக்குது. "மாப்ள, கயிறு கட்டணும், வா"ன்னு மாமா கூப்பிட்டார்.

படகோட முன்பக்கத்துல, அதாவது அணியத்துல, கரைக்கு ரெண்டு கயிறு. ஒண்ணு மாமா கட்டினார், பழைய கயிறு. இன்னொண்ணு நான் கட்டினேன். புது நைலான், 24 எம்எம், என் பேச்சைக் கேட்டு வாங்கினது. அந்தக் காத்துக்கு எவ்வளவு இழுக்கும்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன், கயிறு அதைவிடப் பல மடங்கு தாங்கும். ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி பிரமாதம்.

"உரசுற இடத்துல சாக்கைச் சுத்திக் கட்டு மாப்ள"ன்னார் மாமா. 24 எம்எம் நைலானுக்குச் சாக்கா? தோட்டத்துக்குத் தண்ணி விடுற ஹோஸ் பைப்ல ஒரு அடி வெட்டி, நீளவாக்குல பிளந்து, படகு விளிம்புல கயிறு மடங்குற இடத்துல மாட்டினேன். பார்க்க நல்லா நீட்டா இருந்துச்சு. கயிறோட மறு முனையை, படகுலயே பலமான இடம்னு வின்ச் பக்கம் கொண்டு போய்க் கட்டினேன். விளிம்புல இருந்து அது மூணு மீட்டர் உள்ளே.

28ஆம் தேதி ராத்திரி என் கயிறு அறுந்துடுச்சு.

ஒத்தைக் கயிறுல தொங்கின படகு அப்படியே திரும்பி, பக்கத்துப் படகு மேல இடிச்சு, அதோட பக்கப் பலகையை உடைச்சுது. நாலு பேர் அந்த மழையில குதிச்சு ஓடி வேற கயிறு போட்டாங்க. அதுல யாருக்காவது கை நடுவுல சிக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் யோசிக்கப் பிடிக்கலை. இத்தனைக்கும் அப்ப அது புயலாவே ஆகலை. முறைப்படி ஃபெஞ்சல்னு பேர் வெச்சது மறுநாள், 29ஆம் தேதி. கரையைக் கடந்தது 30ஆம் தேதி ராத்திரி, அதுவும் புதுச்சேரி பக்கம்.

காலையில அறுந்த முனையை எடுத்துப் பார்த்தேன். இழுத்து அறுந்த கயிறுன்னா நார் நாரா பிரிஞ்சிருக்கணும். இதுல பாதி நார் உருகி, கண்ணாடி மாதிரி பளபளன்னு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நைலான் 6 உருகறதுக்குச் சுமார் 220 டிகிரி செல்சியஸ் வேணும். மழையில நனைஞ்சுக்கிட்டே அந்தச் சூடு எங்கிருந்து வந்துச்சு? உரசல்ல இருந்துதான். ஹோஸ் பைப்பு எங்கேன்னு தேடினா, வழுக்கிக்கிட்டு ஒரு முழம் கீழே இறங்கி வெளியில தொங்குது. நான் அதை மாட்டினேனே தவிர, கட்டலை.

நான் போட்ட கணக்கு ஒரே ஒரு பெரிய இழுப்புக்கான கணக்கு. கடல் அப்படியா இழுக்குது? ஆறு செகண்டுக்கு ஒரு அலைன்னா ஒரு நாளைக்கு 14,400 தடவை. ரெண்டு நாளைக்கு 28,800. நைலான் நல்லா நீளும், அதிர்ச்சியைத் தாங்கறதுக்கு அதுதான் அதோட பலம். ஆனா விளிம்புக்கும் கட்டுக்கும் நடுவுல இருக்கிற நீளம் எவ்வளவு நீளுதோ, அவ்வளவு தூரம் கயிறு விளிம்பு மேல முன்னும் பின்னும் போகும். மூணு மீட்டர்ல 3 சதவீதம்னு வெச்சாலே 9 சென்டிமீட்டர். போகவர 18. அதை 28,800ஆல பெருக்கிப் பாருங்க, 5 கிலோமீட்டரைத் தாண்டும். அஞ்சு கிலோமீட்டர் ரம்பத்துல இழுத்த மாதிரி. விளிம்புக்குப் பக்கத்துலயே அரை மீட்டர்ல கட்டியிருந்தா அதுல ஆறுல ஒரு பங்குதான் ஆகியிருக்கும். மாமா தன் கயிறை அப்படித்தான் கட்டியிருந்தார்.

டிசம்பர் ஒண்ணாம் தேதி, மாமா தன் கயிறுல சுத்தின சாக்கை என்னையே பிரிக்கச் சொன்னார். சணல் சாக்கு, மூணு சுத்து. மேல் சுத்து தூள் தூளா போயிருந்துச்சு. ரெண்டாவது பாதி கிழிசல். மூணாவது முழுசா இருந்துச்சு. உள்ளே கயிறுக்கு ஒரு கீறல் இல்லை. சாக்கு நழுவாம இருக்க, வலை பின்னுற நூலால கயிறோட பிரிக்குள்ள ஊசி விட்டு ரெண்டு முனையிலயும் தைச்சிருந்தார். சணல்ல தண்ணி ஊறும், சூடு ஏறாது. பிளாஸ்டிக் பைப்பு தண்ணியை உள்ளே விடாது, சூட்டையும் வெளியே விடாது. பாய்மரக் கப்பல் காலத்துலயும் கயிறு மேல தார் பூசின கித்தான் சுத்தி, அதுக்கு மேல மெல்லிசு கயிறை வரிஞ்சு கட்டினாங்கன்னு அப்புறமா படிச்சேன்.

இன்னொண்ணும் செஞ்சிருந்தார். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை போய், கயிறை ஒரு சாண் விட்டுத் திரும்பக் கட்டினார். "ஒரே எடத்துல ஒரசுனா எந்தக் கயிறும் போயிரும் மாப்ள. எடத்த மாத்திக்கிட்டே இருக்கணும்."

திருப்பாற்கடலைக் கடையும்போது வந்த அமுதக் கலசம் தங்கின இடம்னுதான் எங்க ஊர் தலபுராணம். அந்தக் கடையல்ல கயிறா இருந்தது வாசுகிப் பாம்பு. மந்தர மலையில உரசி உரசித் தாங்க முடியாம விஷத்தைக் கக்கிச்சு. மாமாவைக் கூப்பிட்டு ரெண்டு சாக்கு சுத்தியிருந்தா ஆலகால விஷமே வந்திருக்காது போல.

சிரிச்சாச்சு. பக்கத்துப் படகுக்குப் பலகை மாத்தின செலவு எங்க பங்குலதான் விழுந்துச்சு. அது என்னோட அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்குன்னு மாமா எடுத்து வெச்சிருந்த பணம். அம்மாவோட வளையல் ரெண்டும் அடகுக்குப் போச்சு. இன்னும் மீட்கலை. மாமா என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

2025ல மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில சும்மா நிக்கும். கயிறு மட்டும் சும்மா இருக்காது, ராத்திரி பகலா உரசிக்கிட்டே இருக்கும். லீவுல போய், கயிறு உட்கார்ற அந்த விளிம்பை கிரைண்டர்ல தேய்ச்சு வழவழன்னு ஆக்கினேன். அதுக்கு மேல பாதியா அறுத்த இரும்புக் குழாயைக் கவுத்து வைச்சு வெல்டிங் வெச்சோம். கயிறு இப்போ கூர் விளிம்புல மடங்காம உருண்டையா வளைஞ்சு போகுது.

மாமா விரலை வெச்சுத் தடவிப் பார்த்தார். "நல்லாதான் இருக்கு"ன்னார்.

அப்புறம் ஒரு சாக்கை எடுத்து என் கையில குடுத்தார். நான் ஒண்ணும் பேசாம ஊசியில நூலைக் கோத்தேன்.