கழலாத நான்காவது நட்

சொந்தமாகக் கார் வைத்திருக்கிறவர்கள் மாத்திரமல்ல, பிறருடைய காரில் பயணம் செய்கிறவர்களும் அறிந்திருக்கவேண்டிய ஒரு காரியத்தை இம்மாதம் எழுத விரும்புகிறேன். இதை நான் வேதாகமக் கல்லூரியில் கற்கவில்லை. மும்பையில் மான்கூர்ட் சாலையோரத்தில், மழையில் நனைந்தபடி நின்று கற்றுக்கொண்டேன்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒருநாள், அதிகாலை மூன்று மணிக்கு எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரர் தொலைபேசியில் அழைத்தார். நாகர்கோவிலுக்கு அருகேயுள்ள கிராமத்தில் அவருடைய தாயார் மரித்துவிட்டார்கள். அன்று மாலையே அடக்கம். காலை ஏழு மணிக்குத் திருவனந்தபுரம் செல்லும் விமானத்தில் ஒரே ஒரு இடம் கிடைத்திருந்தது. "பாஸ்டர், தனியாகப் போக மனம் வரவில்லை. விமான நிலையம் வரைக்கும் என்னோடுகூட வருவீர்களா?" என்று கேட்டார். அவர் குரலைக் கேட்டபின் வேறு யோசனைக்கு இடமில்லை. என் மகனையும் எழுப்பி உடன் அழைத்துக்கொண்டு, நவி மும்பையிலிருந்து எங்கள் சிறிய காரில் புறப்பட்டோம்.

வாஷி பாலத்தைக் கடந்து மான்கூர்டை நெருங்கும்போது, மழைநீர் மூடியிருந்த ஒரு பள்ளத்தில் முன்பக்கத்து இடது சக்கரம் இறங்கியது. டயரில் காற்று முழுவதும் போய்விட்டது. அப்போது மணி நாலே முக்கால். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது. பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

மூன்று நட்டுகள் கழன்றன. நான்காவது அசையவில்லை. என்னிடத்தில் இருந்தது கூட்டல் குறியைப் போன்ற நான்கு முனை ஸ்பேனர். இருட்டிலும் அவசரத்திலும் 19 மில்லிமீட்டர் முனைக்குப் பதிலாக 21 மில்லிமீட்டர் முனையை மாட்டி, முழுப் பலத்தோடு மிதித்தேன். ஸ்பேனர் வழுக்கியது. மீண்டும் மிதித்தேன், மீண்டும் வழுக்கியது. மகன் டார்ச் விளக்கைக் கொண்டுவந்து காட்டியபோது, அந்த நட்டின் ஆறு முனைகளும் மழுங்கி உருண்டையாகியிருந்தன. இனிச் சரியான ஸ்பேனரும் அதைப் பிடிக்காது.

சகோதரர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தரை மணியளவில் ஒரு டாக்சி கிடைத்தது. அவர் தன் சிறிய பையை எடுத்துக்கொண்டு ஏறினார். வண்டியையும் மகனையும் அந்த இருட்டில் நெடுஞ்சாலையில் விட்டுச்செல்ல என்னால் இயலவில்லை. டாக்சி ஜன்னலில் கைவைத்து ஒரு சிறு ஜெபம் செய்தேன். டாக்சி போய்விட்டது.

மகன் குடையைப் பிடித்துக்கொண்டு மௌனமாக நின்றான். அந்த மௌனத்தின் காரணம் எனக்குத் தெரியும். ஜூன் மாதத்தில் இதே சக்கரத்தைக் கழற்றி மாட்டியபோது, ஸ்பேனரின்மேல் ஏறி நின்று நட்டுகளை இறுக்கினவன் நான். "போதும் அப்பா, இவ்வளவு இறுக்கக்கூடாது" என்று அவன் சொன்னான். "ஓடுகிற வண்டியில் சக்கரம் கழன்றால் நீயா வந்து பிடிப்பாய்?" என்று கேட்டு அவன் வாயை அடைத்தேன். இன்று அவன் அதை நினைப்பூட்டவில்லை. நினைப்பூட்டியிருந்தால் என் உள்ளம் சற்று ஆறுதலடைந்திருக்கும்.

ஏழு மணிக்குச் சற்று தொலைவிலிருந்த பஞ்சர் கடை திறந்தது. அதை நடத்தின பெரியவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். எல்லாரும் அவரைச் சாச்சா என்று அழைத்தார்கள். அவர் நட்டைப் பார்த்துவிட்டு, "இதை அவிழ்க்கவந்தவர் கெடுக்கவில்லை ஐயா, பூட்டினவர் கெடுத்திருக்கிறார்" என்று இந்தியில் சொன்னார். பூட்டினவன் நான்தான் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, வேலையைத் தொடங்கினார்.

முதலாவது, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்தவேண்டும் என்றார். ஜாக்கியில் தூக்கினபின் மிதித்தால் சக்கரம் சுழலும், வண்டி சரியும். கைப்பிரேக்கைப் போட்டு, கியரில் நிறுத்தி, பின்சக்கரத்திற்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். கம்பி பிரஷினால் துருவைத் தேய்த்து, போல்ட்டின் மரை நட்டுக்குள் நுழையும் இடத்தில் துரு இளக்கும் எண்ணெயைச் சில துளிகள் விட்டார். பிரேக் தகட்டில் எண்ணெய் படாதபடி துணியைப் பிடித்துக்கொண்டார். பின்பு இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்தார். "எண்ணெய்க்கு நேரம் கொடுக்கவேண்டும்" என்றார். நடுநடுவே நட்டின் தலையில் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். அந்த அதிர்வில் துரு விரிசல் விட, எண்ணெய் உள்ளே இறங்குமாம்.

அதன்பின் ஆறு பட்டை கொண்ட, அளவில் சற்றுச் சிறிய ஒரு பாக்ஸ் ஸ்பேனரை மழுங்கின நட்டின்மேல் சுத்தியலால் அடித்து இறக்கினார். கைப்பிடியில் ஒரு நீண்ட இரும்புக் குழாயைச் செருகினார். கைப்பிடியின் நீளம் இரட்டித்தால் அதே பலம் இரண்டு மடங்காக வேலை செய்யும். முதலில் ஒரு நூலளவு இறுக்கும் பக்கமாக அசைத்துத் துருவின் பிடியை உடைத்தார். பின்பு கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், வெட்டி இழுக்காமல் சீராக அழுத்தினார். கிறீச்சென்ற ஒரு சத்தம். நட் திரும்பியது!

இதுவும் பலிக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மழுங்கின நட்டின்மேல் வேறொரு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்புவதுண்டு. உளியால் நட்டைப் பிளப்பதும் உண்டு. ஆனால் டயர் மாட்டியிருக்கும் சக்கரத்தில் நெருப்பைக் காட்டவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சூட்டினால் டயர் வெடித்து உயிரையே எடுத்துவிடும். ஆகவே வெல்டிங்கும் உளியும் பட்டறையில், பழகின கைகளுக்குரிய வேலை.

நட் வந்துவிட்டது, ஆனால் போல்ட்டின் மரை தேய்ந்து நசுங்கியிருந்தது. அவ்வளவு இறுக்கத்திற்கு உட்பட்ட போல்ட்டைத் திரும்ப நம்பக்கூடாது என்று, அதைத் தட்டி வெளியே எடுத்துப் புதிய போல்ட்டும் புதிய நட்டும் போட்டார்.

வீடு திரும்பினபின் என் மகன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். ஒரு போல்ட் இறுகும்போது வில்லைப்போல மிகச் சிறிதளவு நீளுகிறது. அது திரும்பச் சுருங்க முயலும் அந்த இழுவிசைதான் சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. எங்கள் காரைப் போன்ற சிறிய கார்களுக்கு ஏறக்குறைய 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் போதும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் உண்டு. 80 கிலோ எடையுள்ள நான் 35 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் ஏறி நின்றால், அது ஏறக்குறைய 275. அளவுக்கு மிஞ்சி இழுபட்ட போல்ட் பழைய நீளத்திற்குத் திரும்பாது. அதின் பிடிக்கும் தன்மை குறையும், சிலவேளை முறிந்தும்போகும். சக்கரம் கழலக்கூடாதே என்ற பயத்தில் நான் செய்த காரியம், சக்கரம் கழலுவதற்கே வழியை உண்டாக்கிற்று!

அன்று இரவு சகோதரர் தொலைபேசியில் பேசினார். கவுண்டர் மூடுவதற்குச் சற்று முன்பாகப் போய்ச் சேர்ந்தாராம். தாயாரின் முகத்தையும் பார்த்துவிட்டாராம். என்மேல் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் பேச்சின் முடிவில், "டாக்சியில் தனியாக இருந்த அந்த அரைமணி நேரந்தான் தாங்கமுடியாததாக இருந்தது, பாஸ்டர்" என்றார். அந்த அரைமணி நேரத்திற்காகவே அவர் என்னை அழைத்திருந்தார். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

என் மகன் தன் முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கித் தந்தான். குறித்த அளவு வந்தவுடன் அது டக்கென்று ஒலிக்கும். அந்தச் சத்தம் கேட்டவுடன் கையை எடுத்துவிடுகிறேன்.

அன்பானவர்களே, இந்த வாரத்தில் ஒரு பகல் வேளையில், உங்கள் வண்டியிலுள்ள ஸ்பேனரை நட்டில் மாட்டிப்பாருங்கள். அளவு சரியாயிருக்கிறதா? நட் கழலுகிறதா? சக்கரத்தைப் பூட்டும்போது, முதலில் நட்டைக் கையினாலேயே சில சுற்று திருப்புங்கள். ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இறுக்குங்கள். வண்டியைத் தரையில் இறக்கினபின் அளவோடு முடியுங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடினபின் மறுபடியும் சோதியுங்கள். கையேடு சொன்னாலன்றி மரையில் எண்ணெய் பூசவேண்டாம். பூசினால் அதே பலத்திற்குப் போல்ட் அதிகமாய் இழுபடும். அருகில் நிற்கிற பிள்ளை "போதும்" என்று சொன்னால், ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்.