பனி தேடிய படலம்

கதை எழுதுகிறவனுக்கு உள்ள பெரிய சௌகரியம், கண்ணால் காணாததையும் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி எழுதிவிடலாம் என்பதுதான். 1984-ஆம் வருஷம் ஒரு வாரப் பத்திரிகையில் நான் எழுதிய தொடர்கதையில் ஓர் அத்தியாயம் முழுவதும் காஷ்மீரத்தில் நடக்கிறது. கதாநாயகன் கோபித்துக்கொண்டு குல்மார்க்குக்குப் போய்விடுகிறான். கதாநாயகி அவனைத் தேடிக்கொண்டு போகிறாள். அவள் போய்ச் சேருகிற ராத்திரி பார்த்து, சடசடவென்று பனி கொட்டுகிறது. அந்தச் சத்தத்தில் அவள் கதவைத் தட்டுவது அவன் காதில் விழவில்லை. கதையின் முடிச்சே அங்கேதான் இருந்தது. அப்போது நான் வடக்கே பார்த்திருந்த எல்லை நாகபுரி ரயில்வே ஸ்டேஷன்.

இரண்டு வாரம் கழித்து ராணுவத்திலிருந்த ஒரு வாசகரிடமிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். "பனி விழும்போது சத்தம் கேட்காது, ஐயா" என்று ஒரு வரி. அதற்குக் கீழே, "ராத்திரியில் இரண்டு தடவையாவது எழுந்து கூடாரத்தை உதறிவிட்டுத்தான் படுப்போம்" என்று இன்னொரு வரி. முதல் வரியைப் படித்து வெட்கப்பட்டேன். இரண்டாவது வரி எதற்காக என்று விளங்கவில்லை. பதில் எழுதவில்லை. தொடர்கதை புத்தகமாக வந்தபோதும் அந்தச் சடசடவை நான் எடுக்கவில்லை. எடுத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடுமே!

இது நடந்து நாற்பது வருஷங்களுக்குப் பிறகு, நானும் என் மனைவியும் ஒரு குளிர்காலத்தை லாஸ் ஏஞ்சல்ஸில் கழிக்கும்படி ஆயிற்று. எங்கள் பெண் அந்த மாநகரத்தை ஒட்டிய செரிட்டோஸ் என்ற ஊரில் குடியிருக்கிறாள். பக்கத்து ஊரான ஆர்ட்டீஷியாவுக்குப் போனால் கருவேப்பிலை முதல் காஞ்சீபுரம் பட்டு வரை கிடைக்கும். டிசம்பர் மாதத்தில் வாசலில் எலுமிச்சை காய்த்துத் தொங்குகிறது. பகலில் 75 டிகிரி வெயில். கொண்டுபோன கம்பளிகளைப் பெட்டியை விட்டே எடுக்கவில்லை.

"அமெரிக்கா வந்தும் பனியைப் பார்க்காமல் போனால் ஊரில் யாராவது நம்புவாங்களா?" என்று என் மனைவி கேட்டாள். அவள் ஊட்டியில் பார்த்திருக்கிறாள். ஆனால் அது புல் மேல் படிந்து, எட்டு மணி வெயிலில் போய்விடுகிற உறைபனி. நம் தமிழில் இது ஒரு சங்கடம். புல் நுனியில் நிற்பதும் பனி, ரயிலைத் தாமதப்படுத்துவதும் பனி, இமயமலை மேல் கிடப்பதும் பனி. முன்பனி, பின்பனி என்று ஆறு பருவத்தில் இரண்டைப் பனிக்கே கொடுத்தவர்கள் நாம். ஆனால் அந்தப் பனிக்கு ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டால் போதும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குள் பனி பெய்வது கிட்டத்தட்டப் புராணம். 1932 ஜனவரி 15-ஆம் தேதி நகரத்தின் நடுவே 2 அங்குலம் பெய்திருக்கிறது. 1949 ஜனவரியில் கொஞ்சம் தூவியது. அதற்குப் பிறகு நடு நகரத்தில் அளந்து எழுதும்படியாக ஒன்றும் இல்லை. ஆனால் நகரத்தின் முதுகுப்புறத்தில் சான் கேப்ரியல், சான் பெர்னார்டினோ என்று இரண்டு மலைத்தொடர்கள் மதில் மாதிரி நிற்கின்றன. உயரமான சிகரம் 11,500 அடி. நம் தொட்டபெட்டா 8,650 அடிதான். அதுவும் பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அங்கேயோ, கடலிலிருந்து குளிர்காலப் புயல் ஏறி வந்தால் கீழே மழை, மேலே பனி. ஆயிரம் அடி ஏறினால் சுமார் மூன்றரை டிகிரி குறையும் என்று மாப்பிள்ளை கணக்குச் சொன்னார். காலையில் கடலில் குளித்துவிட்டுச் சாயங்காலம் பனியில் விளையாடலாம் என்பது அந்த ஊர்க்காரர்களின் பழைய பெருமை.

பெருமை வேறு, அதிர்ஷ்டம் வேறு. முதல் தடவை நாங்கள் பிக் பேர் ஏரிக்குப் போனது கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால். மலை ஏறி, தலை சுற்றி, இரண்டு தடவை வண்டியை நிறுத்தி, கடைசியில் மேலே போய்ப் பார்த்தால் நல்ல வெயில்! தரையெல்லாம் காய்ந்த சருகு. எதிர்மலையில் மட்டும் நாலைந்து வெள்ளைப் பட்டைகள், பழுப்புச் சுவரில் சுண்ணாம்பு இழுத்த மாதிரி. அது இயந்திரப் பனியாம். ராத்திரி குளிர் இறங்கியதும் ஏரித் தண்ணீரை இறைத்து, அமுக்கிய காற்றோடு சேர்த்துப் பீய்ச்சியடித்தால் அது பனியாக விழும். அதன் மேல்தான் கட்டணம் செலுத்திச் சறுக்குகிறார்கள். எனக்கு அதைவிட ஏரியின் கதை பிடித்திருந்தது. அது இயற்கையான ஏரியே அல்ல. கீழே ரெட்லண்ட்ஸில் இருந்த ஆரஞ்சுத் தோட்டங்களுக்காக 1884-இல் அணை கட்டித் தேக்கிய தண்ணீர். ஆரஞ்சுக்கு வைத்த தண்ணீர் இன்று பனியாகப் பெய்கிறது!

என் மனைவிக்கு இந்தச் சரித்திரம் ரசிக்கவில்லை. "இது ஐஸ் பெட்டியில் வழிக்கிறதுதானே? இதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

இரண்டாவது தடவை பனி இருந்தது. நாங்கள்தான் போய்ச் சேரவில்லை. ஜனவரியில் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் காலை மொட்டைமாடியிலிருந்து பார்த்தால், தென்னை ஜாதியைச் சேர்ந்த நெட்டை மரங்களுக்குப் பின்னால் மலைகள் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. அந்தக் காட்சி உண்மையா, யாராவது படுதா கட்டியிருக்கிறார்களா என்று சந்தேகம் வந்துவிட்டது. உடனே கிளம்பினோம். நகரமே கிளம்பியிருந்தது. மலையடிவாரத்தில் போலீசார் வண்டிகளை நிறுத்தி, சக்கரத்துக்குச் சங்கிலி இருக்கிறதா என்று கேட்டார்கள். மாப்பிள்ளை புத்தம்புதுச் சங்கிலியைப் பெருமையோடு எடுத்துக் காட்டினார். மாட்டிப் பார்த்ததில் அது வேறு அளவுச் சக்கரத்துக்கு உரியது என்று தெரிந்தது. ரோட்டோரத்தில் மண்டியிட்டபடி அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். திரும்பிவிட்டோம்.

அன்று ராத்திரி ஆறுதலுக்காக, 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' என்ற பழைய படத்தைப் பெண் போட்டுக் காட்டினாள். படம் முழுவதும் பனி. அதை எடுத்தது 1946-ஆம் வருஷத்துக் கோடையில், இதே லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில்! அதற்கு முன்பெல்லாம் ஹாலிவுட்டில் சோள அவலுக்கு வெள்ளைச் சாயம் பூசிக் கொட்டுவார்களாம். அதன் மேல் நடந்தால் மொறுமொறுவென்று சத்தம் கேட்கும். பேச்சைப் பிற்பாடு தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இந்தப் படத்துக்காகத் தீயணைக்கும் நுரையோடு சோப்பும் தண்ணீரும் கலந்து சத்தமில்லாத பனி செய்தார்கள். அதற்கு அகாடமியின் தொழில்நுட்பப் பரிசும் கிடைத்தது. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. சத்தம் போடுகிற பனியை விற்றவன் நான் ஒருவன் மட்டும் அல்லவே! ஆனால் அவர்கள் திருத்திக்கொண்டார்கள் என்பது படுத்த பிறகு உறைத்தது.

மூன்றாவது தடவை பிப்ரவரியில். சரியான அளவுச் சங்கிலியோடு கிரெஸ்ட்லைன் என்ற மலைக் கிராமத்துக்குப் போனோம். ஐயாயிரம் அடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். அங்கே செல்லும் ரோட்டுக்கு 'உலகத்தின் விளிம்பு' என்று 1915-இலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். மிகையல்ல. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆகாசம். எதிரே இறங்கி வருகிற வண்டிகளில் சிலவற்றின் முன்மூடி மேல் சின்னச் சின்னப் பனிப் பொம்மைகள் உட்கார்ந்திருந்தன. ஊர் போய்ச் சேருவதற்குள் உருகிவிடும் என்று தெரிந்தும் கொண்டுபோகிறார்கள்.

கிராமத்துக்குள் ஒரு பக்கத்துத் தெருவில், வீட்டை ஒட்டி நல்ல சரிவு ஒன்று இருந்தது. ஏற்கெனவே இரண்டு மூன்று குடும்பங்கள் சறுக்கிக் கொண்டிருந்தன. நாங்களும் இறங்கினோம். என் மனைவி செருப்புக்குப் பதிலாகப் போட்டிருந்த கான்வாஸ் ஜோடோடு நேரே போய், குனிந்து, இரண்டு கையாலும் பனியை அள்ளினாள். "சர்க்கரை மாதிரி இருக்குங்க" என்றாள். அப்புறம் பேசவில்லை. அவளைப் பேச்சிழக்கச் செய்தவை உலகத்தில் சொற்பம்.

பேரனைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு என்னுடையது. ஏழு வயது. வட்டமான ஒரு பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து சறுக்குவதும் ஏறி வருவதுமாக இருந்தான். நடுப்பகலில் மேகம் கவிந்துகொண்டது. முதலில் ஜவ்வரிசி மாதிரி மணிமணியாக ஏதோ விழுந்தது. என் மேல்சட்டையில் பட்டுச் சத்தம்கூடக் கேட்டது. "மாப்பிள்ளை, கேட்டீங்களா?" என்று குதித்தேன். "மாமா, இது பனி இல்லை, பனிக்குருணை" என்றார் அவர். ஐந்து நிமிஷத்தில் குருணை நின்று, அகல அகலமான திவலைகள் இறங்க ஆரம்பித்தன. அதுதான் பனி. நாற்பது வருஷத்துக் கடனைத் தீர்க்கிற நேரம் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. சத்தமின்மைகூட அல்ல, இருந்த சத்தத்தையும் யாரோ துணி போட்டு மூடுகிற மாதிரி இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. ஒரு பெண்குரல் வீறிட்டது. கண்ணைத் திறந்தால், பேரன் தட்டோடு பழைய இடத்தைவிட்டு வேறு பக்கமாகத் திரும்பி, நேரே ரோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறான். பனி தள்ளுகிற பெரிய லாரி ஒன்று வளைவில் வருகிறது. நான் ஓடினேன் என்று சொல்ல ஆசை. கால் எடுத்து வைத்தேன், விழுந்தேன். ரோட்டோரத்தில் காலையில் அதே லாரி ஒதுக்கிவிட்டுப் போயிருந்த பனி வரப்பு ஒன்று இடுப்பளவு உயரத்துக்கு இருந்தது. பையன் அதில் போய் முட்டிக் குப்புற விழுந்தான். வரப்புக்கு அந்தப் பக்கம் லாரி கடந்து போயிற்று. அவன் எழுந்து, "தாத்தா, பார்த்தியா!" என்று சிரித்தான்.

வீறிட்டவர் அந்த வீட்டுக்கார அம்மாள். எழுபது வயதிருக்கும். கையில் பனி அள்ளுகிற மண்வெட்டியோடு வந்தார். "இது விளையாட்டு மைதானம் இல்லை, என் வீட்டு வாசல்" என்றார். பக்கத்திலிருந்த தொட்டியைத் திறந்து காட்டினார். உடைந்த பிளாஸ்டிக் தட்டுகள் நிறையக் கிடந்தன. வந்தவர்கள் போட்டுவிட்டுப் போனவை. என் பெண் மன்னிப்புக் கேட்டாள். நான் கேட்க வேண்டிய மன்னிப்பு அது. அந்த அம்மாள் ஏதோ சொல்ல வந்தவர், என் மனைவியின் நனைந்த ஜோட்டைப் பார்த்துவிட்டு, "முதலில் உள்ளே வாருங்கள், விரல் மரத்துப்போகும்" என்று எல்லோரையும் அழைத்துப்போய் அடுப்பருகே உட்கார வைத்தார்.

தேநீர் கொடுத்துக்கொண்டே 2023-ஆம் வருஷத்தைப் பற்றிச் சொன்னார். அந்தப் பிப்ரவரி கடைசியில் தொடங்கிய பனி அந்த மலைகளில் சில இடங்களில் 100 அங்குலத்துக்கு மேல் பெய்தது. ரோடுகளை மூடிவிட்டார்கள். மார்ச் 1-ஆம் தேதி கவர்னர் நெருக்கடி நிலையை அறிவித்தார். அந்தக் கிராமத்துப் பெரிய மளிகைக் கடையின் கூரை பனியின் பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டது. இந்த அம்மாள் தனியாள். ஜன்னல் மூடி, கதவு மூடி, பகலிலேயே வீடு இருட்டு. பக்கத்து வீட்டுப் பையன்கள் சுரங்கம் மாதிரி வெட்டிக்கொண்டு வந்து ரொட்டி கொடுத்தார்களாம்.

"பனி விழுவது காதில் கேட்காது என்கிறார்களே?" என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

அவர் மேலே கூரையைக் காட்டினார். "விழுவது கேட்காது. இந்த உத்தரம் கேட்கும். ராத்திரி முழுவதும் முனகும். எப்போது முனகலை நிறுத்துமோ என்று உட்கார்ந்திருப்பேன். ஏணி வைத்து ஏறித் தள்ளிவிட என்னால் முடியவில்லை" என்றார்.

இரண்டு தடவை எழுந்து கூடாரத்தை உதறிவிட்டுப் படுப்போம் என்று ஒருவர் எழுதியது அப்போது நினைவுக்கு வந்தது. நான் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தேன்.

புறப்படும்போது மாப்பிள்ளையும் நானும் வாசல் பனியை அள்ளி ஒதுக்கினோம். நான் அள்ளியது பத்து மண்வெட்டிகூட இராது; இடுப்பு நாலு நாள் வலித்தது. பேரன் ஒரு தகர டப்பாவில் பனியை அடைத்துக்கொண்டான். செரிட்டோஸுக்கு வந்து திறந்தபோது கலங்கல் தண்ணீரும் இரண்டு ஊசியிலையும் இருந்தன. என் மனைவி அதை எலுமிச்சை மரத்துக்கு ஊற்றினாள்.

சென்னைக்குத் திரும்பிய மறுநாள், பரணிலிருந்து பழைய கடிதப் பெட்டியை இறக்கச் சொன்னேன். "வந்ததும் வராததுமாக என்ன?" என்று என் மனைவி கேட்டாள். கறையான் அரித்தது போக மிச்சமிருந்த கட்டுகளைப் பிரித்து, 1984-ஐத் தேடிக்கொண்டிருக்கிறேன்.