மரைக்கும் ஒரு காலடி உண்டு

'மரை கழன்றவன்' என்று நாம் யாரைச் சொல்வோம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மரை கழல்வது வேறு, மரை போவது வேறு. கழன்றதைத் திரும்ப முடுக்கிவிடலாம். போனதை முடுக்க முடியாது. ஸ்பேனரைப் போட்டுத் திருப்பிக்கொண்டே இருப்போம், போல்ட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகவே இறுகாது. அலுவலகத்தில் சில கோப்புகள் இப்படித்தான் வருஷக்கணக்கில் சுற்றும். அதனால் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. காரின் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட் அப்படிச் சுற்றினால் விஷயமே வேறு.

எங்கள் வீட்டில் இருப்பது 2008-ல் வாங்கிய மாருதி 800. பதினைந்து வருஷம் முடிந்து, பதிவைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கடற்கரைக் காற்று போதாதென்று, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இரண்டு நாள் தண்ணீரில் நின்ற வண்டி. இதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கச் சொல்லாதவர்கள் இல்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள் என் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் வண்டி இது. சிகிச்சை முடிந்து களைத்து வருகிறவளுக்கு அந்த முன் சீட்டும், அது சாய்ந்திருக்கும் அளவும் பழகிவிட்டன. எண்ணூர் விரைவுச் சாலையில் இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரி வர, நடுவில் எங்கள் சின்ன வண்டி போகும்.

சில மாதங்களுக்கு முன் பிரேக் பிடித்தால் முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. அதற்குச் சற்று முன்புதான் வெளியே ஓரிடத்தில் முன்பக்க ரப்பர் புஷ்களை மாற்றியிருந்தோம். எதிர்வீட்டு நண்பர் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை மாஸ்டர் என்பேன், அவருக்கு நான் சார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வண்டிக்குக் கீழே நுழைந்தோம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் நுழைந்தோம். சிலர் ஹாலோ பிளாக் கல்லை அடுக்குவார்கள். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

இந்த வண்டியில் ஸ்டெபிலைசர் பார் என்ற வளைந்த கம்பி குறுக்கே போகிறது. திருப்பத்தில் வண்டி சாயாமல் பார்ப்பது மட்டும் அதன் வேலையல்ல, கீழ்க் கை முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பதும் அதுதான். அதை பாடியோடு சேர்க்கும் பட்டையில் ஒரு போல்ட் வெறுமனே சுற்றியது. அதன் நட்டு பாடிக்குள்ளே வெல்டு வைத்தது, பின்னாலிருந்து கை நுழையாது. மாஸ்டர் தலைக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பிக்கொண்டே திருப்ப, போல்ட் வெளியே வந்தது. அதன் பல் இடுக்கில் பேனா ஸ்பிரிங் மாதிரி மெல்லிய இரும்புக் கம்பி சுருண்டிருந்தது. உள்ளே இருக்க வேண்டிய மரைதான் அது.

"இதப் பாருங்க சார், நட்டோட மரைய அப்படியே சீவி எடுத்துனு வந்திருக்கு. போல்ட் வேற கணக்கு" என்றார்.

பிட்ச் கேஜ் என்று ஒரு சாமான் உண்டு. சீப்பு மாதிரிப் பல் வெட்டிய தகடுகளின் கொத்து. வைத்துப் பார்த்தோம். மற்ற போல்ட்டுகள் எல்லாம் 10 மி.மீ. கனம், 1.25 பிட்ச். இது மட்டும் 10 மி.மீ. கனம், 1.5 பிட்ச். பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். யாரோ கைக்குக் கிடைத்ததை வைத்து ஏர் கன்னால் அடித்து ஏற்றியிருக்கிறார்கள்.

பிட்ச் என்றால் என்ன என்பதை எனக்குப் புரியவைத்தது ஆங்கிலம் அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இதை 'பா' என்ற சொல்லாகத்தான் அறிவேன். 'பா' என்றால் நடக்கும்போது வைக்கும் காலடி. ஒரு முழுச் சுற்றுக்குத் திருகாணி எவ்வளவு தூரம் உள்ளே நடக்கிறதோ அதுவே அதன் காலடி. 1.25 காலடி வைக்கும் நட்டுக்குள் 1.5 காலடி வைக்கும் போல்ட்டை விட்டால், ஒரு சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர் இடறும், மூன்று சுற்றில் முக்கால் மில்லிமீட்டர். கையால் திருகினால் இரண்டு சுற்றிலேயே 'நான் வரமாட்டேன்' என்று நின்றுவிடும். கன் வைத்து அடித்தால் வேறு வழியின்றி ஒன்றை ஒன்று அறுத்துக்கொண்டு போகும். அரைகுறையாகப் பிடித்திருந்து, சில மாதம் பிரேக் அடி வாங்கிய பிறகு மொத்தமாக விட்டுவிடும். மரை போன திருகாணிக்கு பிரெஞ்சில் 'ஃபுவாரே' என்பார்கள். பரீட்சையில் கோட்டை விட்டாலும் அதே சொல்தான்.

இந்தக் குழப்பம் வடசென்னைக்குப் புதிதல்ல. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. எல்லாம் பிரிட்டிஷ் வம்சம், அங்குலக் கணக்கு. விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841-ல் வகுத்த மரைக்குப் பல்லின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரைக்கு 60 பாகை. 1898-ல் ஜூரிக் நகரில் கூடி ஐரோப்பியர்கள் மெட்ரிக் மரைக்கு ஒரு பொது அளவு வகுத்தார்கள். 1956 சட்டத்துக்குப் பிறகு நாமும் மெட்ரிக் அளவைக்கு வந்தோம். ஆனால் இயந்திரங்கள் சட்டம் போட்ட மறுநாளே மாறுவதில்லை. அதனால் இந்தப் பக்கத்துப் பழைய ஃபிட்டர்களின் பெட்டியில் இரண்டு வகை டேப்பும் இருக்கும். எந்தத் துளைக்கும் முதலில் கேஜ் வைத்துப் பார்ப்பது அவர்களுக்கு அனிச்சைச் செயல்.

சரி, போன மரைக்கு என்ன வழி? யோசனை சொல்ல நிறையப் பேர் வந்தார்கள். டெஃப்லான் டேப் சுற்று, எம்-சீல் வை, போல்ட்டையே வெல்டு அடித்துவிடு என்றார்கள். டேப்பும் பசையும் தண்ணீர்க் குழாய்க்குச் சரி. பாரம் தாங்குவது இரும்புப் பல் மட்டுமே. அதிலும் முடுக்கிய போல்ட்டில் முதல் பல்லே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாரத்தை ஏற்கிறது. வெல்டு அடித்தால் அடுத்த முறை புஷ் மாற்றும்போது கழற்ற வழியில்லை.

மாஸ்டர் ஒரு வரிசை சொன்னார். வாயோரத்தில் மட்டும் பல் நசுங்கியிருந்தால் அதே அளவு டேப் விட்டுச் சுத்தம் செய்தால் போதும். பல்லே போயிருந்தால் துளையைப் பெரிதாக்கி 12 மி.மீ. மரை வெட்டலாம். ஆனால் பட்டையின் துளையையும் பெரிதாக்க வேண்டும், நட்டின் சுவரும் மெலியும். மூன்றாவது ஹெலிகாயில். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சுருள் வில்லாகச் சுற்றியது. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்குரிய டேப்பால் மரை வெட்டி, இந்தச் சுருளை உள்ளே திருகிவிட்டால் அதன் உட்புறமே புது மரை. போல்ட் பழைய அளவிலேயே இருக்கும். கடைசி வழி, பாடியை வெட்டிப் புது நட்டு வெல்டு வைப்பது.

நாங்கள் மூன்றாவதை எடுத்தோம். தேரடியில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கி, பாரிமுனைக் கடைத்தெருவில் 10-க்கு 1.25 என்று கேட்டு செட் வாங்கி வந்தேன். அதில் டிரில், டேப், சுருள், அதை ஏற்றும் சாவி எல்லாம் இருக்கும். டிரில் முனையில் கிரீஸ் தடவினால் இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு வரும். டேப் நேராக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தோம். எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே வரும்போது தூள் முறிந்து விழும். அவசரப்பட்டால் டேப்பே உள்ளே உடைந்து நிற்கும். சுருளை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இறங்கும் வரை ஏற்றி, அடியில் இருக்கும் குறுக்கு வாலைத் தட்டி முறித்தோம். பிறகு புது போல்ட், தலையில் 8.8 என்று எழுதியது. முதல் 8 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவைத் தாங்குதிறன். புள்ளிக்குப் பின்னால் உள்ள 8, அதில் 80 சதவீதம் வரை நீண்டு போகாமல் நிற்கும் என்பதற்கு. தலையில் எதுவும் எழுதாத போல்ட் கேட்டுக் கதவுக்கு ஆகும், சக்கரத்துக்கு ஆகாது. கையாலேயே கடைசிவரை இறங்கியது. சக்கரத்தைத் தரையில் இறக்கிய பிறகு டார்க் ரென்ச்சால் முடுக்கினோம். 'டொக்' நின்றது.

உற்சாகத்தில் நான், "ஸ்டீயரிங் பக்கம் இப்படி ஏதாவது போனாலும் நாமே செய்துவிடலாம் போலிருக்கிறதே" என்றேன். மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே, "அங்க மட்டும் கை வெக்காதீங்க சார். பால் ஜாயின்ட், நக்கிள், பிரேக் காலிப்பர், இங்கெல்லாம் மரை போனா பார்ட்ட மாத்தணும். அம்மா உக்கார்ற வண்டி" என்றார். எங்கே ரிப்பேர் செய்யலாம் என்பதைவிட எங்கே செய்யக்கூடாது என்று தெரிந்தவரே கைகாரர். அடுத்த வாரம் ஒரு சர்வீஸ் நிலையத்தில் காட்டி, சக்கர அலைன்மென்ட்டும் பார்த்துக்கொண்டேன்.

வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு பிட்ச் கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. அதுவும் இல்லையென்றால், பட்டறையில் பக்கத்திலேயே நின்று, கன்னை எடுக்கும் முன் கையால் நாலு சுற்று திருகச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. கைக்கு இறங்காத போல்ட்டுக்கு ஸ்பேனர் போடக்கூடாது.