தோல், செருப்பு, நடுகல்

எகிப்தியப் பட எழுத்துகளைத் தட்டச்சு செய்ய உதவும் ஜேசெஷ் என்ற இலவச மென்பொருளில் எஃப்27 என்று தட்டினால் வாலோடு கூடிய மாட்டுத்தோல் ஒன்று திரையில் தோன்றும். எஸ்33 என்றால் செருப்பு. தோல் பதனிடுவதிலும் காலணி தைப்பதிலும் தலைமுறைகளைக் கழித்த ஆம்பூர், பேரணாம்பட்டுக்காரர்களுக்கு இந்தப் படங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை. பண்டை எகிப்தியர் விலங்கின் பெயரை எழுதிவிட்டுக் கடைசியில் அந்தத் தோலை வரைந்தார்கள். அதற்கு ஒலி கிடையாது. சொன்னது விலங்கைப் பற்றி என்று காட்டுவதே அதன் வேலை.

இந்த எண்களைத் தந்தவர் ஆலன் கார்டினர். 1927இல் வெளிவந்த தம் எகிப்திய மொழி இலக்கண நூலில் மனிதருக்கு ஏ, விலங்கின் உறுப்புகளுக்கு எஃப், உடைக்கும் அணிக்கும் எஸ் என்று குறிகளை இனம் பிரித்தார். ஆனால் எகிப்திய எழுத்து ஒற்றை வரிசையில் அடங்காது. குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் அடுக்கப்படும். அதற்கென அறிஞர்கள் 1988இல் ஒரு முறை வகுத்தார்கள்: உடுக்குறி இட்டால் அடுத்த குறி பக்கத்தில் அமரும்; முக்காற்புள்ளி இட்டால் கீழே இறங்கும். பிரான்ஸின் செர்ஜ் ரோஸ்மோர்டுக் உருவாக்கிய ஜேசெஷ் இம்முறையில் இயங்குகிறது. கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடு 2009இல் 1071 எகிப்தியக் குறிகளை ஏற்றது. அடுக்குவதற்கான கட்டளைகள் 2019இலும், மேலும் 3995 குறிகள் 2024இலும் சேர்ந்தன.

அதே எகிப்தில், செங்கடல் துறைமுகமான குசேர் அல் காதிமில், தமிழ் பிராமியில் ‘பானை ஒறி’ என்று எழுதிய பானை ஓடு கிடைத்தது. உறியில் தொங்கிய பானை அது. பிராமிக்கு யூனிகோடில் 2010இல் இடம் கிடைத்தாலும், குறில் எகரம், ஒகரம், புள்ளி முதலான பழந்தமிழ்க் குறிகள் ஆறும் 2021இல்தான் சேர்ந்தன. அதற்காக முன்மொழிவு எழுதியவர்களில் வினோத் ராஜனும் ஸ்ரீரமண சர்மாவும் உண்டு. வினோத் ராஜனின் ‘அக்ஷரமுகா’ எழுத்துமாற்றியை யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம்.

பழந்தமிழை எழுதிய இன்னொரு எழுத்தான வட்டெழுத்துக்கு இந்த வாய்ப்பு இன்னும் வரவில்லை.

ஆம்பூரிலேயே பல்லவன் நிருபதுங்கனின் 26ஆம் ஆட்சியாண்டு நடுகற்கள் உண்டு. மாடு கவர வந்த படையோடு பொருது இறந்தவர்களுக்கு நட்டவை. தெற்கே செங்கம் பகுதி நடுகற்கள் பலவற்றில் இருப்பது வட்டெழுத்து. அதற்கு எழுத்துருக்கள் இல்லாமலில்லை. ஆனால் அவை தமிழ் எழுத்தின் மேல் வட்டெழுத்து வடிவத்தைப் போர்த்துபவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் இன்றைய தமிழ்தான் தெரியும்.

இது வடிவத்தை மட்டும் பற்றிய குறையல்ல. பழங்கல்வெட்டுகள் பலவற்றில் புள்ளி கிடையாது. எது மெய், எது உயிர்மெய், எது குறில், எது நெடில் என்பதைப் படிப்பவரே தீர்மானிக்கிறார். அவர் இட்ட புள்ளியோடு அச்சேறும்போது, அவருடைய முடிவே கல்லின் சொல்லாகிவிடுகிறது. கல்லில் உள்ளதை உள்ளபடி ஒரு வரியிலும், படித்ததை அடுத்த வரியிலும் தட்டச்சு செய்ய முடிந்தால்தான் பின்னால் வருபவர் அதைச் சரிபார்க்க முடியும்.

யூனிகோடுக்கு யாரும் முன்மொழிவு அனுப்பலாம். மைப்படிகள், எழுத்துப் பட்டியல், ஒவ்வொரு வடிவத்துக்கும் கல்வெட்டுச் சான்று ஆகியவை வேண்டும். வேலூர், வாணியம்பாடி, ஆம்பூர்க் கல்லூரிகளில் கணினி படிக்கும் மாணவர்களும் தமிழ் படிக்கும் மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் இந்த வேலையைத் தொடங்கிவிடலாம். தொடங்குங்கள்.